பாயை எடுத்துவிட்டுத் தொடுங்கள்

இனிமேல் மில்லுக்குள் போய்ப் பார்க்க வேண்டாமாம். ஒயரிங் செய்த காண்ட்ராக்டரே சோதனையும் செய்து, தானே எழுதி, தானே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவாராம். ஆபீஸில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து அதைப் படித்து முத்திரை குத்தினால் போதுமாம். போன வாரம் வீட்டுக்கு வந்த என் பழைய ஆபீஸ்காரர்கள் இரண்டு பேர் சொன்னார்கள். ஒருவருக்குச் சந்தோஷம், வெயிலில் அலைய வேண்டாம். இன்னொருவருக்குச் சந்தேகம். சந்தேகக்காரர்தான் கேட்டார்: "நீங்க கையெழுத்துப் போட மாட்டேன்னு நின்ன கதைய ஆளாளுக்கு ஒரு மாதிரி சொல்லுதாங்க சார். நெசம்மா என்னதான் நடந்துச்சு?"

ஐம்பத்தைந்து ஆகிவிட்டது என்று சர்க்கார் என்னை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறது. என் கால்களுக்கு அந்தச் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை. காலையில் எழுந்ததும் அவை உப்பளத்துப் பக்கம் திரும்புகின்றன. நான்தான் அவற்றைப் பிடித்து இழுத்துக் காப்பிக்கு உட்கார வைக்கிறேன். அந்தக் கால்கள் சாட்சியாக, நடந்ததை எழுதுகிறேன்.

முதலில் நாங்கள் யார் என்று சொல்லிவிட வேண்டும். மின்சாரத்தைச் செய்கிறவர்கள் நாங்கள் இல்லை. விற்கிறவர்களும் இல்லை. செய்கிறவன் மலையடிவாரத்தில் தண்ணீரை உருட்டிக்கொண்டிருந்தான். விற்கிறவன் தெருத்தெருவாகக் கம்பம் நட்டுக்கொண்டிருந்தான். இந்த இரண்டு பேருக்கும் வாங்குகிற மூன்றாமவனுக்கும் நடுவில் நின்று, 'இது ஆளைக் கொல்லாது' என்று எழுதிக் கொடுப்பதற்கு ஒரு சின்ன ஆபீஸ் இருந்தது. மின்சார ஆய்வாளர் ஆபீஸ். அதில் நான் டெஸ்டர். கரண்டுக்கு ருசி கிடையாது, வாசம் கிடையாது, நிறம் கிடையாது. அது வந்து நிற்பதை மனிதன் தெரிந்துகொள்ள ஒரே வழி அடி வாங்குவது. ஊருக்குப் பதில் முன்கூட்டியே தொட்டுப் பார்க்கச் சம்பளம் வாங்கியவர்கள் நாங்கள்.

பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. சென்னையில் கொஞ்ச காலம் மீட்டர்களைக் கழற்றி மாட்டினேன். பரீட்சை எழுதினேன். பாஸ் என்றார்கள், தூத்துக்குடி என்றார்கள். இரண்டாவது உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். ரயிலை விட்டு இறங்கியதுமே அந்தக் காற்று என் சட்டைப் பித்தானை நக்கிப் பார்த்தது. தூத்துக்குடிக் காற்று ஒரு பெருந்தீனிக்காரன். ஆணியைத் தின்னும், கீலைத் தின்னும், பூட்டைத் தின்னும், மாதா கோயில் மணியின் சங்கிலியைக்கூட விட்டுவைக்காது. அப்படிப்பட்ட காற்றுக்கு நடுவில் கம்பி கட்டி வைத்து, அது கெடாமல் இருக்கிறது என்று சான்று சொல்லவேண்டும். பைத்தியக்கார வேலை. எனக்குப் பிடித்துவிட்டது.

என் முதல் மேலதிகாரி தேவசகாயம் சார். கடற்கரைத் தெருக்காரர், ஒல்லி, இருமல்காரர். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. உயர்த்தத் தேவையில்லாதபடி அவருடைய மௌனமே கொஞ்சம் சத்தமாக இருக்கும். எந்த மில்லுக்குப் போனாலும் வாசலிலேயே நின்று ஷூவைக் கழற்றுவார், காலுறையை உருட்டி ஷூவுக்குள் செருகுவார், கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு வெறுங்காலோடு உள்ளே போவார். முதலாளிகள் பதறுவார்கள். "சார், கோயிலா இது? சும்மா வாங்க சார்." அவர் வேலைக்காரர்களின் காலைப் பார்த்துக்கொண்டே நடப்பார். முகத்தைப் பார்க்கிற அதிகாரி நிறைய உண்டு. காலைப் பார்த்த அதிகாரி எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான். எங்கே ஈரம், எங்கே வெடிப்பு, யார் எதன்மேல் நிற்கிறார்கள், எல்லாம் அவருக்கு அந்த நடையிலேயே தெரிந்துவிடும்.

சோதனை முடிகிறவரை மில்லில் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்க மாட்டார். கலர் சோடா உடைத்து நீட்டுவார்கள், இளநீர் சீவி நீட்டுவார்கள். பையிலிருந்து மோர் பாட்டிலை எடுத்து, அதில் பாதியை எனக்கு ஊற்றுவார். "கலரு நல்லாத்தான் இருக்கும். குடிச்சா நாக்கு இனிச்சுப் போகும். இனிச்ச நாக்கு 'இல்லை'ன்னு சொல்லத் திணறும்" என்பார். புளித்த மோர் அது. இன்றைக்கும் 'இல்லை' என்று சொல்லும்போதெல்லாம் என் நாக்கில் அந்தப் புளிப்பு வரும்.

அப்புறம் எர்த்துக் கம்பி. விஷயம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. மோட்டாரின் உள்ளே கரண்டு ஓடுகிற கம்பிச் சுருள் இருக்கிறது. வெளியே இரும்புக் கூடு இருக்கிறது. சுருளின் காப்பு நைந்துபோனால் கரண்டு கூட்டுக்கு வந்துவிடும். கூட்டைத் தொடுகிறவன் வழியாகத் தரைக்கு இறங்கும். அப்படி நடக்காமல் இருக்க, கூட்டிலிருந்து ஒரு கம்பியைக் கொண்டுபோய்க் குழி தோண்டி பூமிக்குள் புதைத்து வைப்போம். கெட்டுப்போன கரண்டு அந்த ராஜபாட்டையில் போய்விடும். ஃபியூஸும் எரிந்து மெஷின் நின்றுவிடும். மனிதன் பிழைத்தான். குழியைச் சோதிக்க ஒரு பெட்டி, சுருளைச் சோதிக்க ஒரு பெட்டி, இரண்டும் எங்களிடம் இருந்தன. ஆனால் தேவசகாயம் சார் பெட்டியைத் திறக்கும் முன்னால் மெயினை அணைக்கச் சொல்லிவிட்டு, மோட்டார் கூட்டில் கை வைப்பார். அங்கிருந்து எர்த்துக் கம்பியை விரலால் தடவிக்கொண்டே, கையை எடுக்காமல், குழி வரைக்கும் நடந்து போவார். மூட்டை அடுக்கியிருந்தால் நகர்த்தச் சொல்வார். சுவருக்குள் கம்பி நுழைந்தால் சுற்றிப்போய் அந்தப் பக்கம் பிடித்துக்கொள்வார். கண் தெரியாதவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு போவது மாதிரி இருக்கும்.

"பெட்டி ரெண்டு முனையைத்தான் சொல்லும் சுடலைமுத்து. நடுவுல உள்ளதக் கைதான் சொல்லணும்" என்றார் ஒருநாள். அவ்வளவுதான் அவர் எனக்குச் சொன்ன உபதேசம். யுத்தம் முடிந்ததும் அவரைச் சேலத்துக்கு மாற்றிவிட்டார்கள். போகும்போது மோர் பாட்டிலையும் கொண்டுபோய்விட்டார்.

அவருக்குப் பதில் வந்தவர் சிவராமன் சார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். நல்ல படிப்பு, நல்ல கையெழுத்து, எல்லாரிடமும் மரியாதை. பயம் மட்டும் அதிகம். மேலே இருந்து ஒரு போன் வந்தால் எழுந்து நின்றுதான் பேசுவார், போனுக்குக் கண் கிடையாது என்பது அவருக்கு உறைக்கவே இல்லை.

வேலாயுத அண்ணாச்சியின் உப்பு மில் அவர் வந்த பிறகுதான் எங்களிடம் வந்தது. ஊருக்குத் தெற்கே, உப்பளத்தை ஒட்டிய அரவை மில். அதுவரை எண்ணெய் எஞ்சினில் ஓடியது. அண்ணாச்சி கடன் உடன் வாங்கி, பழைய மோட்டார் ஒன்றைப் பிடித்து, கரண்டு இணைப்பு வாங்கிவிட்டார். தற்காலிக அனுமதியில் மில் ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் சான்று கொடுத்தால்தான் நிரந்தரம். டெஸ்டர் சோதனைத் தாளில் கையெழுத்துப் போட்டால்தான் ஆய்வாளர் சான்று கொடுக்க முடியும். உப்பு ஏற்றிக்கொண்டு கொல்லத்துக்குப் போக வேண்டிய தோணி கரையில் காத்துக்கொண்டிருந்தது. சீக்கிரம் சான்று கொடுங்கள் என்று மேலேயிருந்து போனும் வந்துவிட்டது. ஐப்பசி மாதம். வானம் தினமும் கிழக்கே கறுத்துக் கறுத்துக் கலைந்துகொண்டிருந்தது.

சிவராமன் சார் ஷூவோடு உள்ளே போனார். நான் வாசலில் கழற்றினேன்.

உள்ளே ஒரே வெள்ளை. உத்தரம் வெள்ளை, சுவர் வெள்ளை, அரவைக் கல்லுக்கு உப்பு அள்ளிக் கொட்டும் பெண்களின் புருவம்கூட வெள்ளை. தரை ஈர உப்பு, கால் வைத்தால் சில்லென்று ஒட்டியது. நான் கால்களைப் பார்த்தேன். ஒவ்வொரு பெண்ணின் காலடியிலும் ஒரு பனையோலைப் பாய்த் துண்டு. மடித்து, தைத்து, தடிமனாக்கிய துண்டு. எல்லாரும் அதன்மேல் நின்றார்கள், இறங்கினால் உடனே ஏறிக்கொண்டார்கள். ஈரம் பட்ட பாயைச் சுவரில் சாய்த்துவிட்டுக் காய்ந்த பாயை எடுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

மெஷின் பக்கத்தில் நின்றவள் மிக்கேலம்மாள். முப்பது வயது இருக்கும். அவள் புருஷன் சங்கு குளிக்கிறவர். அங்கே பெண்களுக்கெல்லாம் அவள் சொல்தான் சொல்.

"என்னம்மா, பாய் எதுக்கு?"

"மெசினு கடிக்கும்லா ஐயா. பாயில நின்னா கடிக்காது."

"எப்பவும் கடிக்குமா?"

"காலையில சும்மா கெடக்கும். ஓடி ஓடிச் சூடாகி, உப்புத்தூளு ஈரம் குடிச்சிட்டுன்னா சவத்துக்கு வெறி பிடிச்சிரும். போன மாசம் இந்தா நிக்காளே, இவளத் தூக்கி அங்கன எறிஞ்சிட்டு. அதுல இருந்துதான் பாயி."

"முதலாளிட்ட சொன்னீங்களா?"

பக்கத்திலிருந்தவள் சிரித்தாள். "சொன்னோம். 'ஏளா, மோட்டாரு இங்க புதுசு, அதுக்கு உங்களத் தெரியல, பழகட்டும்'னு சொல்லிட்டாவ."

பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காய்ந்த பாய் இருக்கும்வரை உயிர் இருக்கும். கூரையில் ஓட்டை தெரிந்தது, ஓட்டையில் மேகம் தெரிந்தது. அடைமழை பிடித்தால் ஊரில் எந்தப் பாய் காயும்?

மெயினை அணைத்துச் சோதித்தோம். எர்த்துக் குழி வாசலுக்கு வெளியே இருந்தது. அழகான குழி. செங்கல் கட்டி, மூடி போட்டு, தினமும் உப்பளத்துப் பாத்தித் தண்ணீர் ஊற்றிக் குளுகுளுவென்று வைத்திருந்தார்கள். பெட்டியின் கைப்பிடியைச் சுற்றினேன். இதைவிட நல்ல ரீடிங் நான் பார்த்ததில்லை. மோட்டாரின் சுருளும் காலை நேரத்தில் காய்ந்து கிடந்ததால் தட்டுத்தடுமாறிப் பாஸாகிவிட்டது. சிவராமன் சார் முகம் மலர்ந்தது. அப்போதுதான் நான் மோட்டார் கூட்டில் கை வைத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தேன்.

கம்பி மெஷினின் காலடியில் புதிதாகப் போட்ட சிமெண்டுக்குள் நுழைந்தது. வாசலுக்குப் பக்கத்தில் சிமெண்டிலிருந்து வெளியே வந்து குழிக்குப் போனது. நடுவில் கைக்கு அகப்படவில்லை. பேட்டரியும் மணியும் வைத்து, நீளமான கம்பியால் இரண்டு முனைகளையும் இணைத்துப் பார்த்தேன். சிமெண்டுக்கு அடியில் கம்பி முழுசாக இருந்தால் மணி அடிக்க வேண்டும். அடிக்கவில்லை. மணியைத் தனியாகச் சோதித்தேன், நன்றாக அடித்தது. மறுபடியும் இணைத்தேன். ஊமை.

"நடுவுல கம்பி இல்ல சார்" என்றேன்.

வேலாயுத அண்ணாச்சி பெரிய ஆள். குரலும் பெரிசு. "என்னவே சொல்லுதீரு? காண்ட்ராக்டரு எங்கிட்ட முழுக் கம்பிக்குத் துட்டு வாங்கிருக்கான். சிமெண்டு போட்டப்ப இந்தா, இங்கனதான் நின்னேன்."

"நின்னீங்க சரி. கம்பியப் பாத்தீங்களா?"

"மூடினப்புறம் எப்படிவே பாக்க? ஓய் டெஸ்டரே, சுத்தி வளைக்காதியும். உமக்கு என்ன வேணும்னு சொல்லும்."

"சிமெண்ட ஒடைக்கணும்."

"தோணி கரையில நிக்கி! தரைய ஒடச்சா மில்லு எத்தனை நாளு நிக்கும்? இந்தப் பொம்பளையளுக்கு யாரு கூலி குடுப்பா? நீரு குடுப்பீரா?"

சிவராமன் சார் என்னைத் தனியே அழைத்துப்போனார். மெதுவாகச் சொன்னார். "உம்ம மணி பழசு. மணிக்கு இணைத்த கம்பி எங்கேயாவது விட்டிருக்கும். குழி ரீடிங் ரூல்படி பிரமாதம், மோட்டாரும் ரூல்படி சரி. கையெழுத்தைப் போடும். மழைக்குப் பிறகு தரையை உடைக்கச் சொல்லி நான் கடிதம் எழுதுகிறேன்."

அவருக்குத் தெரியும். மணி பழசில்லை என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தெரியாதவரோடு சண்டை போடலாம். தெரிந்துகொண்டே கண்ணை மூடுகிறவரை என்ன செய்வது?

"மழைக்குப் பிறகு கம்பி எதுக்கு சார்? மழைக்கு முன்னாடிதான் வேணும்" என்றேன். நாக்கில் அந்தப் பழைய புளிப்பு வந்துவிட்டது. திரும்பிப் போய், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "மெஷின ஓட விடுங்க. நல்லாச் சூடாகட்டும். அப்புறம் அண்ணாச்சி செருப்பக் கழட்டிட்டு, இந்த ஈரத்துல நின்னு, ஒரு கைய மோட்டார் மேல வைக்கட்டும். ஒண்ணும் ஆகலன்னா நான் இப்பவே கையெழுத்துப் போடுதேன்."

தொட மாட்டார் என்று நினைத்தேன். எந்த முதலாளி தொடுவான்? அதுதான் என் கணக்கு. வேலாயுத அண்ணாச்சியை எனக்குத் தெரியாது என்பது அப்புறம்தான் தெரிந்தது.

"போடுவே மெசின!" என்றார்.

சிவராமன் சார் "வேண்டாம் அண்ணாச்சி, ஃபார்மாலிட்டிதானே" என்று தடுத்தார். அவர் கேட்கவில்லை. காண்ட்ராக்டரை நம்பியிருந்தார், அந்த நம்பிக்கைமேல் எல்லார் முன்னாலும் கை வைத்துவிட்டேன் அல்லவா, ரோஷம் வந்துவிட்டது. மெஷின் ஓடியது. பெண்கள் உப்பு கொட்டினார்கள். உப்புத்தூள் பறந்து மோட்டார்மேல் படிந்து, படிந்தது கசிந்து, கூடு வியர்த்தது. அண்ணாச்சி செருப்பை உதறினார். வேட்டியை மடித்துக் கட்டினார். ஈரத் தரையில் நடந்து வந்தார். நான் மெயின் சுவிட்சின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆள் துடித்தால் அந்தக் கணமே இழுத்துவிடத் தயாராக இருந்தேன். ஆனாலும் அந்தக் கணம் என்பது எவ்வளவு நீளம் என்று எந்த ரூலும் சொல்லவில்லை.

அவர் கையை நீட்டியபடியே கடைசி அடியை எடுத்தார்.

அந்தச் சமயம் மிக்கேலம்மாள் குனிந்தாள். தன் காலடியில் இருந்த பாயை உருவி, ஒரே தள்ளு, அவர் காலடிக்குள் விட்டாள். நடக்கிற மனிதன் ஏறிவிடுகிற மாதிரி அவரும் அதன்மேல் ஏறிவிட்டார். ஏறியதுகூட அவருக்குத் தெரியவில்லை. உள்ளங்கையை மோட்டார்மேல் பதித்தார்.

ஒன்றும் ஆகவில்லை.

ஒரு நொடி அவர் முகத்தில் ஏதோ ஓடியது. அப்புறம் பெரிய சிரிப்பு. "பாத்தீரா? கடிக்கலையே! எங்கவே உம்ம கரண்டு? உம்ம பேனாவ எடும்!"

"பாய எடுத்துட்டுத் தொடுங்க" என்றேன்.

"தொட்டாச்சு! ஒரு மனுசன எத்தன தடவவே தொடச் சொல்லுவீரு?"

சிவராமன் சார் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "நேரில் தொட்டுப் பார்த்தாயிற்று, சுடலைமுத்து. கையெழுத்து."

"இல்லை சார்."

"இது உத்தரவு."

"இல்லை சார்."

அன்றைக்கு மூன்றாவது தடவை அவர் கேட்கவில்லை. ஆபீஸுக்குப் போனதும் மெமோ வந்தது: 'நேரடிச் சோதனையில் குறை ஏதும் காணப்படாத நிலையில் தாங்கள் கையெழுத்திட மறுத்ததற்குக் காரணம் கூறவும்.' மதுரையிலிருந்து வேறு டெஸ்டரை வரவழைக்கவும் ஏற்பாடானது. அவர் வந்து கையெழுத்துப் போடுகிறவரை மில் தற்காலிக அனுமதியில் ஓடும். நான் வேலையில் சேர்ந்து ரொம்ப நாளாகவில்லை, நிரந்தரமும் ஆகவில்லை. பயமாக இருந்ததா? இருந்தது. பயம் கையைத்தானே நடுக்கும், கையெழுத்தே போடாதவனுக்குக் கை நடுங்கினால் என்ன என்று சொல்லிக்கொண்டேன்.

சாயங்காலம் வேலை விட்டு வரும் வழியில் மிக்கேலம்மாளை நிறுத்தினேன். கோபம் அடங்கவில்லை.

"ஏம்மா அப்படிச் செஞ்சே?"

"பெறகு? கண்ணு முன்னால ஒரு ஆளு சாவுதத பாத்துக்கிட்டு நிப்பாகளா? கை தன்னால போயிட்டு."

"நான் சுவிட்சப் பிடிச்சிட்டுத்தான் நின்னேன்."

"நீரு சுவிட்சப் பிடிச்சீரு. நான் பாயப் பிடிச்சேன். யாரு பிடி மொதல்ல எட்டுச்சு?"

அவள் செய்தது சரி. ஓர் உயிர் போகப் போகிறது, அவள் அதைத் தடுத்தாள். முதலாளியா கூலியா என்று அந்தக் கை கேட்கவில்லை. ஆனாலும் ஒன்று கேட்டேன், இன்றைக்கும் கேட்டது சரி என்றே நினைக்கிறேன்.

"அவருக்கு நீ பாய் போட்டே. மழை பெய்யும்போது உனக்கு யாரு போடுவா?"

அவள் வானத்தைப் பார்த்தாள். "சரி, நீரு போம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, இடுப்பில் பாய்ச் சுருளோடு கடற்கரைத் தெருப் பக்கம் நடந்தாள்.

மறுநாள் காலையில் மில் ஓடவில்லை. ஆபீஸில் இருக்க முடியாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். பெண்கள் எல்லாரும் மில்லுக்கு எதிரே உப்புக் குவியலின் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருத்தி மடியிலும் சுருட்டிய பாய். அண்ணாச்சி வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தார்.

"ஏளா, உள்ள வாங்களா! தோணிக்காரன் வையுதான்!"

"வாரோம் அண்ணாச்சி" என்றாள் மிக்கேலம்மாள். "பாயி எங்களுது. நாங்க மொடஞ்சது, எங்க வீட்டுல இருந்து கொண்டாந்தது. அதக் கொண்டுட்டுப் போயிருதோம். மில்லு உங்களுது, மெசினு உங்களுது. உங்க தரையில உங்க மெசினுக்குப் பக்கத்துல எப்படி நிக்கணுமோ, மொதல்ல நீங்க நின்னு காட்டுங்க. அப்படியே நாங்களும் நிக்கோம்."

"நேத்துத்தான தொட்டுக் காட்டினேன்!"

"நேத்து எம் பாயில நின்னீக."

உப்புக் குவியலே சிரித்த மாதிரி ஒரு சிரிப்பு எழுந்தது. அண்ணாச்சியின் முகம் சிவந்தது. "பாயா இல்ல ஊருல? சந்தையில வாங்கி அடுக்கிருவேன்!" என்றார். "வாங்குங்க. மழையில காய வைக்கதுக்கு ஒரு சூரியனும் சேத்து வாங்கிட்டு வாங்க" என்றாள் அவள்.

அவர்களுக்கு அன்றைக்குக் கூலி இல்லை. அது விளையாட்டில்லை, எனக்குத் தெரியும். உட்கார்ந்திருந்தவர்களில் சிலர் வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரிந்திருக்காது. ஒருத்திகூட எழுந்து உள்ளே போகவில்லை.

மத்தியானம் நான் பழைய துறைமுகத்துப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். மெமோவுக்கு என்ன பதில் எழுதுவது என்று அலைகளிடம் கேட்டுப் பார்த்தேன். அவையும் அதே வரியைத் திருப்பித் திருப்பி அழித்து எழுதிக்கொண்டிருந்தன. பின்னால் வண்டிச் சத்தம் கேட்டது. வேலாயுத அண்ணாச்சி இறங்கி வந்து பக்கத்தில் நின்றார். வலது கையை விரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஓய் டெஸ்டரே, நேத்துக் கை வச்சேம்லா? பாய்க்கு மேல நின்னுக்கிட்டே, எறும்பு ஊருன மாதிரி இருந்துச்சுவே. மோதிர வெரலு வரைக்கும்."

"ஏன் சொல்லல?"

"கை சொல்லிச்சு. வாயிதான் சொல்லல. அம்புட்டுப் பேருக்கு முன்னால எப்படிவே சொல்ல?" கையை மூடிக்கொண்டார். "ராத்திரி பூரா அந்த எறும்பு ஊந்துக்கிட்டே கெடந்துச்சு. வாரும். ஒடைப்போம்."

உடைத்தோம். கடப்பாரையின் முதல் குத்து அவருடையது. மெஷினின் காலடியில் சிமெண்டுக்குள் நுழைந்த கம்பி ஒரு சாண் ஓடி, மடங்கி, முடிந்துவிட்டது. வாசல் பக்கத்திலும் அப்படியே ஒரு சாண். நடுவில் வெறும் மண். நல்ல கம்பிக்கு நாடெல்லாம் தட்டுப்பாடாக இருந்த சமயம், காண்ட்ராக்டர் இரண்டு முனையை மட்டும் வைத்துவிட்டு நடுக் கம்பியை வேறு எங்கோ விற்றுவிட்டான். முனைகளைத்தானே பார்ப்பார்கள்.

அண்ணாச்சி அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். "என்னையும் பாய்க்கு மேலதான் நிறுத்தி வச்சிருக்கான் பாத்தீரா" என்றார்.

புதுக் கம்பி தேடிப் பிடிக்கத் திருநெல்வேலிக்கு ஆள் போனது. இந்தத் தடவை சிமெண்டு போடவில்லை. தரைக்கு மேலே, சுவரோரமாக, கண்ணுக்குத் தெரியும்படி இழுத்தோம். நான் மோட்டாரில் கை வைத்துக் குழி வரைக்கும் விரலை எடுக்காமல் நடந்தேன். மெயினைப் போட்டு மெஷின் ஓடிச் சூடானதும், சுருளில் இருந்த கோளாறுக்கு ஃபியூஸ் பட்டென்று எரிந்தது. அந்தச் சத்தத்தைப் போல இனிமையான சத்தம் எனக்கு எந்தக் கச்சேரியிலும் வாய்த்ததில்லை. யாரையோ கொல்ல வந்தது, பாதை கிடைத்ததும் மண்ணுக்குள் போய்விட்டது. மோட்டாரைக் கழற்றிச் சுருளைப் புதிதாகச் சுற்ற அனுப்பினார்கள். தோணி காத்திருக்காமல் போயிற்று. மழையும் வந்தது.

அடைமழைக்கு நடுவில்தான் மறுபடியும் மெஷின் ஓடியது. தரையெல்லாம் தண்ணீர். சிவராமன் சார் வந்திருந்தார், வாசலிலேயே நின்றார். பெண்கள் சுவரோரமாக நின்றார்கள். அண்ணாச்சி செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கினார். மெஷினுக்கு அருகில் போனதும் தன்னை அறியாமல் மிக்கேலம்மாளைத் திரும்பிப் பார்த்தார்.

அவள் பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றாள்.

"இன்னைக்குப் போட மாட்டேன் அண்ணாச்சி" என்றாள்.

அவர் தொட்டார். கையை எடுக்காமல் நின்றார். வெளியே மழை, உள்ளே கல் அரைக்கிற சத்தம். அப்புறம் மிக்கேலம்மாள் பாயைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தண்ணீரில் நடந்து வந்து, ஓடுகிற மோட்டாரின் முதுகில் உள்ளங்கையை வைத்தாள்.

"சவம், இப்பத்தான் ஒழுங்கா கெடக்கு" என்றாள்.

நான் அங்கேயே, தண்ணீரில் நின்றபடியே, கையெழுத்துப் போட்டேன். தாள் நனைந்துவிட்டது என்று சிவராமன் சார் வருத்தப்பட்டார்.

அதனால் மெமோ ரத்தாகவில்லை. மேலதிகாரியின் உத்தரவை மீறியது மீறியதுதான் என்று என் பேரில் ஒரு குறிப்பு ஏறியது. எனக்குப் பின்னால் வந்தவர்கள் எனக்கு முன்னால் போனார்கள். டெஸ்டராகச் சேர்ந்து, டெஸ்டராகவே வீட்டுக்கு வந்தேன். "அன்னைக்கு ஒரு கையெழுத்துப் போட்டிருந்தா ஆய்வாளராகவே ஆகியிருப்பீங்களே சார்" என்றார் போன வாரம் வந்த சந்தோஷக்காரர். ஆகியிருப்பேன். ஷூவோடு மில்லுக்குள் போகிற ஆய்வாளர்.

இப்போது புது ஏற்பாடு. காண்ட்ராக்டர் எழுதுவதைப் படித்து முத்திரை குத்த வேண்டும். காண்ட்ராக்டர் எல்லாரும் திருடர்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் இரண்டு முனையையும் அவன் காட்டுவான், நடுவை யார் தடவிப் பார்ப்பது? அந்தத் தாளில் எழுத்து அழகாக இருக்கும், ரீடிங் பிரமாதமாக இருக்கும். காய்ந்த தாள். அதன்மேல் நின்றுகொண்டால் ஆபீஸில் இருக்கும் யாரையும் எதுவும் கடிக்காது. ஈரத்தில் நிற்கிறவர்கள் வேறு ஆட்கள்.

சந்தேகக்காரரே, உங்களுக்குத்தான் சொல்கிறேன். ரூல் போக வேண்டாம் என்றுதான் சொல்கிறது. போகக் கூடாது என்று சொல்லவில்லை. போங்கள். ஷூவைக் கழற்றிவிட்டுப் போங்கள்.

மெமோவுக்கு நான் இதுவரை பதில் எழுதவில்லை. 'கையெழுத்திட மறுத்ததற்குக் காரணம் கூறவும்' என்று கேட்டிருந்தார்கள். காரணத்தை மேலே கூறியிருக்கிறேன். இதில் மட்டும் கையெழுத்துப் போடுகிறேன்.

சுடலைமுத்து,
டெஸ்டர்.